முப்பத்தெட்டுக்கு லட்டு

பென்னலூர் சின்னப்பையன் மகன் பகலவனுக்குத் ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. பெங்களூர் சாலையில் லாரியை நிறுத்தி வெளியூர் டிரைவர் யாராவது ஒரு ஊரின் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறான் என்றாலும், “நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க” என்று கையை நீட்டிவிடுவான். அப்படிப் போன ஒரு டிரைவர் இரண்டு மணி நேரம் கழித்து வல்லம் வடகால் வரப்பெல்லாம் சுற்றிவிட்டு இவனைத் தேடிக்கொண்டு திரும்பி வந்த கதை ஊரில் பிரசித்தம். பகலவன் அன்றைக்குப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுதான் தப்பித்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கேட்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது, அவ்வளவுதான்.

பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. முடித்து, மண்ணூர் பக்கத்தில் லாரிச் சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்பைச் செய்யும் தொழிற்சாலையில் இருபது வயதில் சேர்ந்தான். முதலில் செக்கர் வேலை. கடைசல் இயந்திரத்திலிருந்து இறங்கும் ஹப்பின் துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தபால் வழியில் பி.காம். படித்து, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் புத்தகத்தைப் புரட்டியே பாஸ் செய்தான். பிறகு அவனை இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, இன்ஸ்பெக்ஷன் ஷீட்டைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு மிஷின்காரரும் மணிக்கு ஒரு தடவை ஐந்து பீஸை அளந்து ஷீட்டில் இருக்கும் ஐந்து கட்டங்களில் எண்ணை எழுத வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் ஷீட் பகலவன் மேசைக்கு வரும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போச்சு. சிவப்பு மையில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான். “கட்டம்னா நெரப்பணும். நெரப்பத் தெரியலன்னா அப்புறம் எதுக்கு பேனா?” என்பான். நாலைந்து வருடத்தில் அந்தத் தொழிற்சாலையில் காலிக் கட்டம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவன் மனைவி செங்கமலம் ஊர் பால்வாடியில் டீச்சர். படிப்பில் கெட்டிக்காரி, எழுத்து முத்து முத்தாக இருக்கும். எம்.பி.ஏ. என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது என்று பத்திரிகையில் பார்த்து முதலில் சொன்னவள் அவள்தான். “உங்க ஆபீஸ்ல கோட்டு போட்டுகினு வர்றாரே ஒருத்தர், அவர் படிச்சது அதானாம். நீங்க மட்டும் இன்னா கொறச்சல்?” என்றாள். குறைச்சலா என்று கேட்டால் பகலவன் ஆமாம் என்று சொல்கிற ஆளா? 1990 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தான்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பரீட்சை அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரு ரயில் இங்கிருந்து கிளம்புகிறது, இன்னொன்று அங்கிருந்து வருகிறது, எங்கே சந்திக்கும் என்பது மாதிரிக் கணக்குகள். நூற்று நாற்பது கேள்வி, இரண்டு மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம், சரியானதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். முதல் எழுபது கேள்வியை அவன் தன்னை மறந்து போட்டான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தலைக்குள் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் பாக்கி. மீதி எழுபது கேள்வியைப் படிக்கக்கூட நேரமில்லை. ஆனாலும் கடைசி வட்டம் வரைக்கும் கறுப்பாக்கிவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைத்தான்.

“நூத்தி நாப்பதும் போட்டேன்ணே. ஒண்ணு வுடல” என்று மறுநாள் கேன்டீனில் யாக்கோபிடம் சொன்னான். யாக்கோபு மூன்றாம் நம்பர் கடைசல் இயந்திரத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, இவன் செக்கராகச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். “நீ என்னைக்கு வுட்டுகீற” என்றார் அவர்.

பிப்ரவரியில் ரிசல்ட் தபாலில் வந்தது. ஒரு சின்ன அட்டை. அவன் பெயர், நம்பர், அதற்குக் கீழே ‘பெர்சன்டைல்’ என்று ஒரு வார்த்தை, அதற்கு எதிரே 38. வேறு ஒன்றுமில்லை. பாஸ் என்றும் இல்லை, ஃபெயில் என்றும் இல்லை. அட்டை கேன்டீனில் கைமாறிக் கைமாறிப் போயிற்று. பத்தாவது வரைக்கும் போன எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு: முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். “முப்பத்தஞ்சுக்கு மேல மூணு கீது. அப்புறம் இன்னா?” என்று தீர்ப்புச் சொன்னார் யாக்கோபு. பி.காமில் நாற்பது கேட்பார்களே என்று பகலவனுக்கு ஒரு நிமிடம் உறுத்தத்தான் செய்தது. இது அதைவிடக் கஷ்டமான பரீட்சை, இதற்குப் போய் நாற்பது கேட்பார்களா என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் ஸ்வீட் ஸ்டாலிலிருந்து இருநூறு லட்டு வந்து இறங்கியது. ஒரு ஷிஃப்ட் பாக்கியில்லாமல் கொடுத்தான். பெர்சனல் மேனேஜர் பரசுராமன் இரண்டு எடுத்துக்கொண்டார், ஒன்று வீட்டுக்கு. செங்கமலம் பால்வாடிக் குழந்தைகளுக்குப் பாதி பாதியாகப் பிட்டுக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் அவனை சீனியர் இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். ஜன்னல் ஓரத்தில் இழுப்பறை வைத்த மேசை, கை வைத்த நாற்காலி. பரசுராமன் வந்தவர் போனவரிடமெல்லாம், “நம்ம பையன், எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ் பாஸ் பண்ணவன்” என்று அறிமுகம் செய்துவைத்தார். தொழிலாளிகள் பெயரையே மாற்றிவிட்டார்கள். “இன்னா எம்.பி.ஏ., சாப்ட்டியா?” “எம்.பி.ஏ. சார், இந்த லெட்டர கொஞ்சம் படிச்சு சொல்லு.”

இன்டர்வியூ கடிதம் மட்டும் வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் லீவு போட்டு, சென்னையில் அந்தத் தேர்வு அலுவலகத்துக்கே போனான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்பப் பொறுமையாகத்தான் பேசினார். “சார், இது மார்க் இல்ல. எழுதினவங்கள்ல நூறு பேர வரிசையா நிக்க வெச்சா, உங்களுக்குப் பின்னாடி முப்பத்தெட்டு பேர் நிப்பாங்க. மத்தவங்கள்லாம் உங்களுக்கு முன்னாடி. இன்டர்வியூ கூப்பிடறது முன்னாடி நிக்கற அஞ்சு பேர.” பகலவன் புரிந்த மாதிரி தலையை ஆட்டினான். வெளியே வந்து மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் குடித்தான். இருநூறு லட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

ஊர் திரும்பும் வழியில், பூந்தமல்லி தாண்டுவதற்குள் பொய் தயாராகிவிட்டது. “சீட்டு கம்மியாம். வெயிட்டிங் லிஸ்ட்ல கீறேன்.” கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான். செங்கமலத்திடமும் அதையேதான் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மே மாதம் வந்தது. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துப் பத்திரிகையிலெல்லாம் வந்தது. சாலை நெடுகப் போலீஸ், பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை. கம்பெனிக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே குத்திக்கொண்டு போனார்கள். வேறு பேச்சே இல்லை. வெயிட்டிங் லிஸ்ட் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரே பயந்து கிடந்த அந்த நாட்களில் பகலவனுக்கு மட்டும் ஒரு நிம்மதி இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தால் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருக்கும். ஆனால் இருந்தது இருந்ததுதான்.

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். செங்கமலம் விட்டால்தானே? செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் பாயில் உட்கார்ந்து ஒரு நீளமான விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னா அது?” என்றான்.

“உங்களுக்குத்தான். நானே எழுதிப்போட்டு வரவழைச்சேன். திங்கக்கெழம கடைசித் தேதி, நேர்லயே போய்க் குடுத்துடலாம். போன தடவ ஒண்ணும் தெரியாமப் போயே பாஸ் பண்ணீங்க. இந்த வாட்டி கொஞ்சம் படிச்சுட்டுப் போனா சீட்டு எங்க போய்டும்?”

பகலவன் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

“எல்லாம் நெரப்பிட்டேன்” என்று அவள் தொடர்ந்தாள். “பதினாலாவது மட்டும் நீங்க எழுதணும். முன்னால எழுதியிருந்தா எவ்ளோ வந்துச்சுன்னு கேட்டுகீறான். முப்பத்தெட்டா, அதுக்கு மேல புள்ளி ஏதாச்சும் உண்டா? அட்டைய எங்க வெச்சீங்க? கடைசிப் பக்கத்துல உங்க மேனேஜர் கையெழுத்து போடணும், தடை ஒண்ணும் இல்லன்னு.”

அவன் முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனான். தொட்டி ஓரமாக உட்கார்ந்து யோசித்தான். பரீட்சை எழுதாமல் விட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. நாற்காலி இருக்கும், மேசை இருக்கும், சாகிற வரைக்கும் எம்.பி.ஏ. என்ற பெயர் இருக்கும். செங்கமலத்துக்கு மட்டும் ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டும். எழுதுவதென்றாலோ பதினாலாவது கட்டத்தில் முப்பத்தெட்டு என்று போட்டு, அதைக் கொண்டுபோய்ப் பரசுராமன் கையில் கொடுக்க வேண்டும். படித்த மனிதர், பெர்சன்டைல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? போன தடவை இந்தக் கட்டம் இல்லை. இந்தத் தடவை அவர் படித்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் என்ன சொல்வது? அதையெல்லாம் மீறி எழுதி, மறுபடியும் முப்பத்தெட்டே வந்தால்? முப்பது வந்தால்? அப்புறம் தொழிற்சாலைக்குள் எந்த முகத்தோடு நடப்பது?

ஆனால் அந்த ரயில் கணக்கை நினைத்தால் மட்டும் அவனுக்குக் கை துறுதுறுத்தது. இதுதான் பெரிய இம்சை. பிடிக்காத பரீட்சையாக இருந்தால் ஒரே முழுக்காகத் தலைமுழுகிவிட்டுப் போயிருப்பான்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. செங்கமலம் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். அதில் பொய் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனால் அங்கே வேறொரு ரகளை காத்திருந்தது. லாரி கம்பெனியிலிருந்து நாற்பது ஹப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். துளை பெரிதாகிப் போய், பேரிங்கை உள்ளே வைத்தால் லொட லொட என்று ஆடுகிறதாம். பகலவன் ஷீட்டுகளைப் புரட்டினான். போன வாரத்துப் புதன்கிழமை, மூன்றாம் நம்பர் மிஷின், மதியம் இரண்டு மணி. ஐந்து கட்டத்திலும் எண் இருந்தது. ஐந்தும் அளவுக்குள் இருந்தது. அவனே பச்சை மையில் டிக் போட்டிருந்தான். இரண்டு தடவை பார்த்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு மணிக் கட்டங்களில் என்ன ஐந்து எண் இருந்ததோ, அதே ஐந்து எண், அதே வரிசையில், இரண்டு மணிக் கட்டங்களிலும் இருந்தது. புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

யாக்கோபைக் கூப்பிட்டனுப்பினான். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“அண்ணே, இந்த ரெண்டு மணி ரீடிங் நீங்க அளந்து போட்டதா?”

யாக்கோபு ஷீட்டைப் பார்த்தார். மறைக்கவில்லை. “இல்ல. அன்னைக்கு ரெண்டு மணிக்கு அளக்கற கேஜ எடுத்துகினு போய்ட்டாங்கப்பா, சரி பாக்கணும்னு. மூணு மணிக்குத்தான் வந்துச்சு. டூல் லூசாயி நகந்து போயிருந்தது அப்பதான் தெரிஞ்சுது, டைட் பண்ணிட்டேன்.”

“அப்ப இந்த நம்பர்?”

“மேல இருந்தத கீழ போட்டேன்.”

“இன்னாண்ணே இது” என்றான் பகலவன். கோபத்தில் குரல் உயர்ந்தது. “அளக்கலன்னா காலியா வுட்றதுதானே?”

யாக்கோபு அவனை நேராகப் பார்த்தார். “காலியா வுட்டா நீ சேப்பு மைல வட்டம் போட்டு அனுப்புவியே. நாலு வருசமா அதானே பண்ற? தெரியலன்னு எழுதறதுக்கு உன் ஷீட்ல எடம் எங்க கீது, நீயே காட்டு.”

“அதுக்காக? நீங்க காலியா வுட்டிருந்தா அந்த ஒரு மணி நேரத்து பீஸ மட்டும் ஒதுக்கி வெச்சிருப்போம். கேஜ் வந்ததும் அளந்திருப்போம். ஒண்ணும் குடி முழுகிப் போயிருக்காது. பொய்யா ஒரு நம்பரப் போட்டு நெரப்பிட்டீங்கன்னா, நான் அத நம்பி வண்டியில ஏத்திட்றேன். காலியா கீற கட்டத்தவிட இதுதாண்ணே பெரிய…”

அவன் அதை முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றது. யாக்கோபு ஒன்றும் புரியாமல் பார்த்தார். பகலவன் கை வைத்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

டிசம்பர் மாதத்து ஹால், கடிகாரத்தில் பத்து நிமிடம், கேள்வியைப் படிக்காமலே எழுபது வட்டம். கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு தப்பு விடைக்கு அரை மதிப்பெண் கழிக்கப்படும், விடை எழுதாத கேள்விக்கு எதுவும் கழிக்கப்படாது. அதை அவன் படித்தான். நன்றாகப் படித்தான். படித்த பிறகும் காலி வட்டத்தைப் பார்த்தபோது சும்மா இருக்க முடியவில்லை. சிவப்பு மை வைத்திருக்கிற இன்ஸ்பெக்டர் ஒருவன் அவன் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

மேசை மேலிருந்த துண்டுத்தாளில் கணக்குப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு எழுபது போட்டால், ஐந்துக்கு ஒன்று என்று அதிர்ஷ்டத்தில் பதினான்கு சரியாக விழலாம். மீதி ஐம்பத்தாறு தப்பு. அதற்கு அரை அரையாக இருபத்தெட்டு போய்விடும். உழைத்துப் போட்ட முதல் எழுபதில் சம்பாதித்ததிலிருந்து பதினான்கைத் தானே வாரிக் கொட்டியிருக்கிறான். சும்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், எத்தனை பேரைத் தாண்டிப் போயிருப்பானோ.

“இன்னாப்பா, மெமோ குடுக்கப் போறியா?” என்று யாக்கோபு கேட்டார். குரலில் இப்போது பயம் இருந்தது. அவருக்கு வயதுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர்.

“இல்லண்ணே. நீங்க போங்க” என்றான். புகார் அறிக்கையில் காரணம் என்று இருந்த இடத்தில் வெகு நேரம் யோசித்து இப்படி எழுதினான்: ‘அளக்க முடியாதபோது அப்படியே எழுத ஷீட்டில் இடம் கொடுக்கப்படவில்லை. காலிக் கட்டத்தை ஏற்க மறுத்தது இன்ஸ்பெக்டர் பகலவன்.’ கீழே கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் செங்கமலத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முப்பத்தெட்டு என்றால் என்ன, கிளார்க் என்ன சொன்னார், வெயிட்டிங் லிஸ்ட் என்பது பூந்தமல்லியில் பிறந்த பொய் என்பது வரைக்கும் சொன்னான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

“பால்வாடிப் புள்ளைங்களுக்கெல்லாம் லட்டு குடுத்தேனே” என்றாள் முதலில்.

அவன் தரையில் சிதறியிருந்த அரிசியைப் பொறுக்கினான்.

“பரீட்சைய வுடுங்க. பரீட்ச போனா போவுது. ஏப்ரல்லேர்ந்து இது வரைக்கும் தெனமும் பக்கத்துல உக்காந்து சோறு துன்னீங்களே, ஒரு நாள்கூட சொல்ல வாய் வரலியா? நான் ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன், என் வூட்டுக்காரர் பாஸ் பண்ணவருன்னு. என்னப் பாத்தா உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“பயமா இருந்துச்சு” என்றான் பகலவன். அது மட்டும்தான் வந்தது.

அவள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சத்தத்தோடு வைக்கப்பட்டன. சோறு போட்டாள். பேசவில்லை. அவன் எச்சில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது படிவமும் பேனாவும் பாய் மேல் இருந்தன.

“மத்ததெல்லாம் நான் நெரப்பினேன்” என்றாள், சுவரைப் பார்த்தபடி. “பதினாலு உங்களுது. போட்றதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு இதுல இனிமே வாய் இல்ல.”

பேனாவை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். இத்தனை வருடத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்து அவன் அப்படித் தயங்கியதே கிடையாது. இதைக் காலியாக விடலாம். முன்னால் எழுதவில்லை என்றும் போடலாம், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. பரீட்சையே எழுதாமல் இருந்துவிடவும் செய்யலாம். ஆனால் அப்படி விட்டால் அது தெரியாததால் விட்ட காலிக் கட்டம் ஆகாது, தெரிந்ததைத் தெரியாத மாதிரி விடுவது. அந்த இரண்டும் ஒன்றில்லை என்பது அவனுக்கு இன்றைக்குத்தான் விளங்கியிருந்தது. 38 என்று எழுதினான். இரண்டு இலக்கம் எழுதுவதற்குள் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பரசுராமன் அறை வாசலில் நின்றான். இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்விட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தான். பியூன், “இன்னா எம்.பி.ஏ. சார், யாரத் தேட்ற?” என்று கேட்ட பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே போனான்.

பரசுராமன் நல்ல மனநிலையில் இருந்தார். படிவத்தை வாங்கினார். “ஓ, திரும்பவும் எழுதறியா? பலே. அப்படித்தான் இருக்கணும்.” முதல் பக்கம், இரண்டாம் பக்கம். செங்கமலத்தின் கையெழுத்தைப் பார்த்து, “யாருது, சம்சாரமா? அழகா இருக்கு” என்றார். மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் பதினாலாவது கட்டத்தில் வந்து நின்றது. பகலவனுக்குக் காதுக்குள் மிஷின் ஓடுகிற மாதிரி இரைந்தது.

“முப்பத்தெட்டு” என்று வாய்விட்டுப் படித்தார் பரசுராமன். “ஆமாமா, ஞாபகம் இருக்கு. அதான் பாஸாச்சே. சீட்டு கெடைக்கலன்னு திரும்ப எழுதற, அவ்வளவுதானே? சரி, எங்க கையெழுத்து?” என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பகலவன் அவரையே பார்த்தான். இந்த மனிதருக்கும் தெரியாது. முப்பத்தைந்துக்கு மேல் மூன்று என்றுதான் இவரும் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். முந்தின இரவு முழுக்கத் தூங்காமல் பயந்தது இந்த ஆளுக்கா? மூச்சு ஒரு நொடி லேசாயிற்று. பேசாமல் நின்றால் போதும். கையெழுத்து விழும், நாற்காலி அங்கேயே இருக்கும், எம்.பி.ஏ. என்ற பெயரும் இருக்கும். பரீட்சையும் எழுதலாம். எண்ணைத்தான் எழுதியாகிவிட்டதே, அவருக்குப் புரியாவிட்டால் அதற்கு அவனா பொறுப்பு?

பேனா முனை காகிதத்தில் பட்டது.

“சார்” என்றான். “அது பாஸ் இல்ல சார்.”

பரசுராமன் நிமிர்ந்தார்.

“முப்பத்தெட்டுங்கறது மார்க் இல்ல சார். நூறு பேர் நின்னா எனக்கு முன்னாடியே அறுபது பேருக்கு மேல நிக்கறாங்கன்னு அர்த்தம். எனக்கும் அப்பத் தெரியாது. ஏப்ரல்லயே தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல. வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு சொன்னதும் பொய் சார்.”

பரசுராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பகலவன் பயந்தது எதுவோ அது அப்படியே நடந்தது. படிவத்தை ஒரு தரம், அவனை ஒரு தரம், மறுபடி படிவத்தைப் பார்த்தார். “அப்ப நான் ரெண்டு லட்டு சாப்பிட்டேனே, அது எதுக்குய்யா?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஃபெயிலானதுக்கு சார்.”

“வர்றவங்க எல்லார் கிட்டயும் உன்னக் காட்டிப் பெருமையடிச்சேன்” என்றார் பரசுராமன். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. “அந்த நாற்காலிய உனக்கு எதுக்காகக் குடுத்தோம்னு தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அத செவ்வாக்கெழம பேசிக்கலாம். நீ மொதல்ல இந்த ஃபாரத்த குடுத்துட்டு வா, அப்புறம் பேசறேன்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவை எடுத்தவர் மறுபடியும் நிறுத்தினார். “சரி, ஒண்ணு சொல்லு. இந்த வாட்டியாவது பாஸாயிடுவியா?”

ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கட்டாயம் சார், இந்தத் தடவை முழுசா படிச்சிருக்கேன் சார், நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க சார். பகலவன் அதை அப்படியே மென்று விழுங்கினான்.

“தெரியாது சார்” என்றான்.

பரசுராமன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.